பத்து வேலைநாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

குசினிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடி விற்கிறவர்கள் கடலைக் காட்டித்தான் விற்கிறார்கள். உப்புக்காற்று குழாயைத் தின்னும் என்று ஒருவரும் சொல்வதில்லை. குழாய்க்காரர் வியாழன் வருவதாகச் சொன்னார். எந்த வியாழன் என்று நான் கேட்கவில்லை.

சுப்பா ஓய்வுபெறும் திகதி அறிவிக்கப்பட்டது: ஜூலை 31. நேபாளத்துக்காரர். எங்கள் ஒன்றியத்தின் தகைமைகள் பிரிவுக்கு ஏழு வருடம் பணிப்பாளராக இருந்து, ஒரு கோப்பையும் முடிக்காமல், ஒருவரையும் பகைக்காமல் வீட்டுக்குப் போகிறார். அந்தக் கதிரைக்கு எங்கள் நாட்டுத் தரப்பு என் பெயரை முன்மொழியப் போவதாகக் கதை. பதினோரு வருடமாகத் துணைப் பணிப்பாளராக இருக்கிறேன். எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. கேட்டதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

குழாய்க்காரர் இந்த வியாழனே வந்துவிட்டார். குனிந்து வேலை செய்தபடி கேட்டார்: “மிஸ் எங்க வேலை?”

“அயல்நாடுகள் ஒன்றியத்தில. அஞ்சு நாடுகள் சேர்ந்து நடத்திற அலுவலகம்.”

“அஞ்சு நாடும் சேர்ந்து என்ன செய்யினம்?”

“ஒரு நாட்டில செல்லுறது மற்ற நாட்டிலயும் செல்லுறமாதிரிச் செய்யிறது.”

அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப முதலில பிளக்கைப் பாருங்கோ மிஸ். மகள் சென்னையில இருந்து கிரைண்டர் கொண்டுவந்தவள். ரெண்டு வருசமா அலுமாரியில இருக்கு. ஒரு ஓட்டையிலயும் போகுதில்லை.”

எங்கள் ஒன்றியத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை நான் எந்த ஆண்டறிக்கையிலும் வாசித்ததில்லை.

இப்போது என் மேசையில் கிடப்பது இணைப்பு நான்கு. ஓர் உறுப்பு நாட்டில் படித்துத் தேறிய தாதி, இன்னோர் உறுப்பு நாட்டில் மறுபடி பரீட்சை எழுதாமல் பதிவுபெற்று வேலை செய்யலாம் என்பது அதன் சாரம். ஒரே ஒரு பக்கம். ஆறு வருடமாக வரைவில் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

சுகிர்தா வவுனியாவிலிருந்து காலை ரயிலில் வந்தாள். என் தாய்மாமனின் மகள். கையில் வழக்கமான பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் சான்றிதழ்கள்.

தொண்ணூறாம் ஆண்டு மாமா குடும்பத்தோடு பேசாலையில் படகேறியபோது அவளுக்குப் பத்து வயது. இருபத்தாறு வருடம் திருச்சிக்குப் பக்கத்து அகதி முகாமில் இருந்தாள். அங்கேயே நர்சிங் படித்தாள், முதல் வகுப்பில் தேறினாள், ஒன்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். போர் முடிந்தது, ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள், திரும்பினாள். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறாள். படுக்கை விரிப்பது, தள்ளுவண்டி தள்ளுவது.

“ஆனா மச்சாள், புது நர்ஸ் பிள்ளையளுக்கு நரம்பு பிடிபடாது. டாக்டர் அங்கால போனவுடன ‘அக்கா கொஞ்சம் வாங்கோ’ எண்டு கூப்பிடுவாளவை. ஊசியை நான் ஏத்துவன், அவளவை கையெழுத்து வைப்பாளவை.” சிரித்தாள். “உங்கட ஒன்றியம் மாதிரித்தான். கூட்டு முயற்சி.”

“கண்டுபிடிச்சால் உன்னைத்தான் அனுப்புவாங்கள்.”

“அனுப்பட்டும். அங்க இருக்கேக்க ‘சிலோன்காரி’. இங்க வந்தா ‘இந்தியாக்காரி’. அனுப்பினா எங்க அனுப்புவாங்கன்னு எனக்கும் பார்க்க ஆசைதான்.”

அவள் தமிழே இப்படித்தான், பாதி திருச்சி, பாதி மன்னார். சாப்பிட்டு முடிந்ததும் குரலைத் தாழ்த்தினாள். “இந்த முறையாவது சரிவருமோ மச்சாள்? உண்மையைச் சொல்லுங்கோ.”

இணைப்பில் வயது எல்லை இருக்கிறது. நாற்பத்தைந்து நிறைவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு நவம்பரில் நாற்பத்தைந்து. இந்த வருடம் தவறினால் அவள் ஆயுளுக்கும் தள்ளுவண்டிதான். அது அவளுக்கும் தெரியும்.

“சரிவரும்போலத்தான் இருக்கு” என்றேன். நான் பொதுவாக இப்படிச் சொல்கிறவள் அல்ல.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை. வெள்ளவத்தைக் காலி வீதி நெடுக இலவச உணவு கொடுக்கும் தன்சல்களின் வரிசை. அலுவலகம் மூடியிருந்தது. பயிற்சி நிதி பற்றிய சுற்றறிக்கையின் கெடு இன்று மாலை ஐந்துக்கு முடிவதால் வீட்டிலேயே கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்தேன்.

எங்கள் நடைமுறை வெளியாட்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஒரு தீர்மானத்தை ஐந்து நாடுகளுக்கும் சுற்றுக்கு விடுவோம். பத்து வேலைநாட்களுக்குள் எந்த நாடும் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஐந்தும் சம்மதித்ததாக ஆகிவிடும். வாக்கெடுப்பு இல்லை, விவாதம் இல்லை. ஒரு நாடு ஆட்சேபித்தாலும் தீர்மானம் செத்தது. ஆகவே எவருக்கும் எந்தக் கவலையும் தராதபடி எழுதத் தெரிந்தவர்களுக்கே இங்கே வேலை. எனக்குத் தெரியும்.

ஐந்து மணி. ஒருவரும் எழுதவில்லை. பயிற்சி நிதி நிறைவேறியது.

ஜூன் 17, செவ்வாய்

இணைப்பு நான்குக்கான வரைவுக் கூட்டம். இணக்கம் காணாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போடுவது எங்கள் வழக்கம். ஒரு பக்க இணைப்பில் பதினோரு அடைப்புகள்.

இந்தியத் தரப்பில் கோமதிநாயகம் வந்திருந்தார். தென்காசிக்காரர். கூட்டத்தில் ஆங்கிலத்தில் என்னோடு சண்டை பிடித்துவிட்டு, இடைவேளையில் தமிழில் கதைப்பார்.

“மேடம், ஆறு வருஷமா இந்த அடைப்புக்குள்ளயே குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கோம். இன்னைக்காவது வெளிய வந்துருவோமா?”

“கதவைச் சாத்திக்கொண்டு நிக்கிறது உங்கட ஆக்கள்தான்.”

“நாங்க சாத்துனா உங்க ஆளுங்க வெளியில தாழ்ப்பாள் போடுறாங்களே. என்ன பொருத்தம்!”

மாலை நான்கு மணிக்குப் பதினோரு அடைப்பும் போய்விட்டது. எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. மதியம் குளிரூட்டி பழுதானது காரணமாக இருக்கலாம். ஏழாம் வாசகம் இப்போது இப்படி இருக்கிறது: “ஓர் உறுப்பு நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயின்று பெற்ற தகைமை ஏனைய உறுப்பு நாடுகளில் செல்லும்.”

பேருந்தில் வரும்போது அந்த வரியை இரண்டு தரம் மனதில் சொல்லிப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அலுமாரி துப்புரவு. அடித்தட்டில் என் ஆய்வேடு: அயல்நாடுகளின் பொருளாதார ஒருங்கிணைவு பற்றியது. முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். சந்தை சேர்ந்தால் விதிகள் சேரும், விதிகள் சேர்ந்தால் நிறுவனங்கள் சேரும், நிறுவனங்கள் சேர்ந்தால் ஒரு நாட்டு மனிதனின் வாழ்க்கை மறு நாட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது என்று முடிவுரையில் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது. அட்டையை மாற்ற வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் நாட்டுத் தரப்பில் இணைப்பைக் கையாளும் மேலதிக செயலாளர் விக்ரமதிலக்க தொலைபேசியில் அழைத்தார். மென்மையான மனிதர். ஆங்கிலத்தில் பேசினார். ஏழாம் வாசகத்தில் “பயின்று” என்பதற்கு முன்னால் “சட்டபூர்வமாகக் குடியிருந்து” என்று இரண்டு சொற்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். போலிச் சான்றிதழ்களோடு வருகிறவர்களைத் தடுக்கத்தான் என்றார். தெளிவு என்ற சொல்லை நான்கு தரம் சொன்னார். பெரிய மாற்றமில்லை, மொழித் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

பிறகு, பணிப்பாளர் பதவிக்கு என்னை முன்மொழியும் கடிதம் அவருடைய மேசையில் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை வந்துசேரும் என்றும் சொன்னார். முதல் விடயத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மழையைப் பற்றிச் சிறிது கதைத்தார்.

சுற்றுக்கு விடுவதற்கு முன் உறுப்பு நாடுகள் கேட்கும் மொழித் திருத்தங்களைச் செயலகம் ஏற்றுக்கொள்வது வழமை. பொருள் மாறும் திருத்தமாக இருந்தால் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும். மொழித் திருத்தத்துக்கு அது தேவையில்லை.

சேர்த்தேன். சுப்பா வாசிக்காமல் கையெழுத்திட்டார்.

ஜூன் 25, புதன்

தலைவலி. சுகிர்தா இரண்டு தரம் அழைத்திருந்தாள். கூட்டத்தில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. கூட்டம் பதினொன்றரைக்கு முடிந்தது.

ஜூன் 30, திங்கள்

இரண்டு சுற்றறிக்கைகள் போயின. பதினான்காவது: தாதியர் தகைமை, இணைப்பு நான்கு. பதினைந்தாவது: தகைமைகள் பிரிவின் பணிப்பாளராகக் கலாநிதி யோகமலரை, அதாவது என்னை, நியமித்தல், ஆறு மாதத் தகுதிகாண் காலத்துடன். இரண்டுக்கும் ஒரே கெடு. பத்து வேலைநாட்கள்.

சந்தையில் பயற்றங்காய் வாங்கினேன். முற்றல்.

ஜூலை 3, வியாழன்

கோமதிநாயகம் கன்ரீனில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“மேடம், ஏழாம் வாசகத்துல ‘சட்டபூர்வமாகக் குடியிருந்து’ன்னு ஒண்ணு இருக்கே. பதினேழாந் தேதி அது இல்லியே?”

“தெளிவுக்காகச் சேர்த்தது.”

“யாருக்குத் தெளிவு?” குரல் மாறவில்லை. “எங்க ஊர்ல முகாம்ல இருந்து படிச்ச பிள்ளைங்க மொத்தமும் இதுல அடிபட்டுப் போயிரும். படகுல வந்தவங்க. பாஸ்போர்ட்டா வாங்கிட்டு வந்தாங்க? காகிதத்துல அவங்க எவரும் சட்டபூர்வம் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?”

“அப்படியெண்டால் உங்கட தரப்பு ஆட்சேபிக்கலாம்.”

“நான் டெல்லிக்கு எழுதுனா, ‘கரெக்டாத்தானே இருக்கு, இதுல என்ன ஆட்சேபணை’ம்பாங்க. அப்புறம் மொத்த இணைப்பும் செத்துரும். அது வேண்டாம்.” கிளாஸை நகர்த்திவிட்டு முன்னால் சாய்ந்தார். “உங்க பிரிவுல இருந்து ஒரு விளக்கக் குறிப்பு விடுங்க. ‘முகாம் பதிவும் சட்டபூர்வக் குடியிருப்பாகக் கருதப்படும்.’ ஒரே வரி. கெடு முடியறதுக்குள்ள சுத்துக்கு வந்துட்டா அதுவும் இணைப்போட சேர்ந்துரும்ல? நான் அதை டெல்லிக்கு அனுப்பி, அவங்க அதைப் பிரிச்சுப் படிக்கிறதுக்குள்ள கெடுவே தாண்டிரும். ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நம்ம ஒன்றியத்துல ஒழுங்கா நடக்கிறது அது ஒண்ணுதான்.”

“விக்ரமதிலக்க திறப்பார்.”

“திறக்கட்டும். அகதியாப் போன சொந்த ஜனத்தைத்தான் தடுக்கிறோம்னு எழுத்துல குடுக்கட்டுமே. குடுப்பாரா? மாட்டார் மேடம். ஆனா உங்க மேல கோவப்படுவார். அது வேற விஷயம்.”

அது வேறு விடயம்தான்.

ஜூலை 4, வெள்ளி

விளக்கக் குறிப்பை வரைந்தேன். ஒரு வசனம். துணைப் பணிப்பாளரின் கையெழுத்தே போதும், விதி இருக்கிறது. திங்கள் அனுப்பலாம்.

ஜூலை 6, ஞாயிறு

சுகிர்தா அழைத்தாள். பின்னால் யாரோ தேங்காய் துருவும் சத்தம்.

“மச்சாள், நான் சொல்லிப்போட்டன்.”

“என்ன சொன்னனி?”

“வேலையால நிக்கிறன் எண்டு. மாசக் கடைசியோட. பதிவு கிடைச்சா செப்டம்பரில கொழும்பில ஆறு கிழமை அறிமுகப் பயிற்சியாம். லீவு கேட்டன், முதலாளி தரமாட்டாராம். ‘நீ நர்ஸாகி என்ன கிழிக்கப்போறாய்’ எண்டார். ‘உங்கட நர்ஸ் பிள்ளையளுக்காக ஊசி ஏத்தினது ஆரெண்டு கேட்டுப் பாருங்கோ’ எண்டுட்டு வந்திட்டன்.”

“அவசரப்பட்டிட்டாய்.”

“ஏன்? பேப்பரில போட்டிருக்கே, தாதியர் இனி எந்த நாட்டிலயும் வேலை செய்யலாம் எண்டு. நீங்களும் சரிவரும் எண்டு சொன்னீங்கள்தானே?”

போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கு என்று சொல்லியிருக்கலாம். இணைப்புச் சரியில்லை. இரைச்சலாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மாலைதீவுத் தூதரக வரவேற்பு. விக்ரமதிலக்க ஒரு தட்டில் எனக்குக் கட்லட் எடுத்துத் தந்தார். பதினைந்தாவது சுற்றறிக்கை அமைதியாகப் போகிறதல்லவா என்று கேட்டார். அமைதியாகத்தான் போகிறது என்றேன். தகுதிகாண் காலமெல்லாம் ஒரு சம்பிரதாயம், யாருடைய ஒப்புதலை வைத்து அது உறுதியாகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்றார்.

குறிப்பில் “கருதப்படும்” என்பதை விட “கருதப்படலாம்” பொருத்தமோ என்று யோசிக்கிறேன்.

ஜூலை 9, புதன்

“கருதப்படும்” என்றே இருக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

எசல போயா. அலுவலகம் இல்லை. திரைச்சீலை எல்லாம் கழற்றித் துவைத்தேன். காற்றுக்கு உடனே காய்ந்தன. குறிப்பை அச்செடுத்து வாசித்தேன். பிழை இல்லை. நாளை அனுப்பலாம், அல்லது திங்கள். செவ்வாய் மாலை வரை நேரம் இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

இரண்டரைக்குப் பல் வைத்தியர். கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டுமாம். அவசரமில்லை, ஆனால் வந்ததோடு எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். வாய் மரத்துப்போய் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். கைப்பையில் குறிப்பு இருக்கிறது. நாளை காலை முதல் வேலை.

ஜூலை 15, செவ்வாய்

காலை ஒன்பது நாற்பதுக்கு விளக்கக் குறிப்பைச் சுற்றுப் பதிவேட்டுக்கு அனுப்பினேன். ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் பதிவேட்டைப் பார்க்கும் நிலூஷா பதில் எழுதினாள்: பதினான்காம் இலக்கச் சுற்றறிக்கையின் கெடு நேற்று மாலை ஐந்துக்கு முடிவடைந்துவிட்டது, குறிப்பை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம், அத்துடன் தங்கள் நியமனத்துக்கு வாழ்த்துகள்.

போயாவை விடுமுறை நாளாக எண்ணிவிட்டேன். ஒன்றியத்தின் பொது விடுமுறைப் பட்டியலில் எசல போயா இல்லை. இந்த நாட்டு விடுமுறை எங்கள் கதவைத்தான் மூடும், கெடுவை நிறுத்தாது. எவருக்கும் வரக்கூடிய எண்ணிக்கைப் பிழை. வியாழன் முழுக்கத் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தால் அது வேலைநாளாக ஒருவருக்குத் தோன்றாதுதான்.

மதியம் கேக் வெட்டினார்கள். ஒரு பக்கத்தால் மட்டும் மென்றேன்.

ஜூலை 16, புதன்

கோமதிநாயகம் கதவில் தட்டிவிட்டு நின்றபடியே கேட்டார்.

“லேட்டாயிருச்சாமே மேடம்.”

“போயாவை லீவு நாளா எண்ணிப்போட்டன்.”

“ஓஹோ.” தலையை ஆட்டினார். “அந்த விடுமுறைப் பட்டியல் டிசம்பர்ல சுத்துக்கு வருமே, அதை வருஷா வருஷம் தயார் பண்றது எந்தப் பிரிவு?”

“எங்கட பிரிவு.”

“பிரிவுல யாரு?”

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

“கங்கிராஜுலேஷன்ஸ், மேடம்” என்றுவிட்டுப் போனார். கூட்டத்துக்கு வெளியே அவர் என்னோடு ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புதிய அறை. ஜன்னல் கடலுக்கு மறுபக்கம். சுப்பா விட்டுப்போன பூச்சாடியில் செடி இல்லை, மண் மட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாதியர் பதிவகத்தின் முதல் தொகுதி முடிவுகள் கையெழுத்துக்கு வந்தன. விண்ணப்பங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, ஏற்கப்பட்டவை நூற்று ஐம்பத்தொன்று. மறுக்கப்பட்டவர்களில் ஐம்பத்தெட்டுப் பேருக்குக் காரணம் ஒன்றே: ஏழாம் வாசகம். பெயர்ப் பட்டியல் பின்னிணைப்பில் இருந்தது. பின்னிணைப்பைப் பணிப்பாளர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செயலாளர் நாயகம் இதை ஒன்றியத்தின் வரலாற்றில் முதலாவது நடைமுறை ஒருங்கிணைவு என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நூற்று ஐம்பத்தொரு பேர் உண்மையாகவே எல்லை தாண்டி வேலைக்குப் போவார்கள். என் ஆய்வேட்டின் முடிவுரையில் நான் எதிர்பார்த்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுகிர்தா அறிவிக்காமல் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பதிவகத்தின் மறுப்புக் கடிதத்தை மேசையில் வைத்து, அதன் மடிப்பைக் கையால் தேய்த்து நேராக்கினாள்.

“மச்சாள், ‘சட்டபூர்வமாகக் குடியிருந்து’ எண்டா என்ன?”

“வீசாவோட, பதிவோட இருந்தது.”

“வீசாவோ? கழுத்தளவு தண்ணிக்குள்ளால அப்பா தோளில தூக்கிக்கொண்டு போய் போட்டில ஏத்தினவர். அப்ப ஆரும் வீசா கேக்கேல்லை.” பைக்குள்ளிருந்து முகாம் அட்டையை எடுத்தாள். ஓரமெல்லாம் ஒட்டுநாடா. “இதைப் பாருங்கோ. மாசத்தில ரெண்டு தரம் ஆபீஸர் வந்து தலை எண்ணுவார். நைட் டியூட்டி முடிச்சு நித்திரை இல்லாம ஓடிவந்து வரிசையில நிப்பன். ஒரு தரம் இல்லையெண்டா பேரை வெட்டிடுவாங்க. இருபத்தாறு வருசம் எண்ணினாங்க மச்சாள். எண்ணினவங்க சட்டபூர்வம். எண்ணுப்பட்ட நான் மட்டும் இல்லையோ?”

நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

“இனி என்ன செய்யலாம்?” என்றாள். “பழைய இடத்துக்குப் போய்க் கேட்டன். என்ர வேலைக்கு வேற ஆள் எடுத்திட்டாங்களாம். முதலாளி வெளியிலயே வரேல்லை. அந்த நர்ஸ் பிள்ளைதான் வந்து அழுதவள்.”

“மேன்முறையீடு செய்யலாம். முப்பது நாளுக்குள்ள.”

“எழுதித் தருவீங்களோ? எனக்கு இந்த ஆபீஸ் தமிழ் வராது. ஆருக்கு எழுதிறது?”

“தகைமைகள் பிரிவுப் பணிப்பாளருக்கு.”

“அது ஆர்? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

நான் கேத்தலை இறக்கி வைத்தேன். “நான்தான். இந்த மாதத்தில இருந்து.”

ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். பிறகு மேசையில் அடித்துச் சிரித்தாள். “அட பாவி மச்சாள்! இதை முதலே சொல்லியிருக்கலாமே! நான் ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்தன். பக்கத்துச் சீட்டுச் சிங்கள மனுசி பாவம், தோடம்பழம் உரிச்சுத் தந்தவ.” எழுந்துபோய்த் தானே சீனியைத் தேடி எடுத்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாள்.

பணிப்பாளர் வாசகத்தை மாற்ற முடியாது, விளக்கம் தருவதற்கும் மறுபடி ஐந்து நாடுகளுக்கும் சுற்றுக்கு விட வேண்டும் என்று சொன்னேன். அதை அவள் ஓர் அதிகாரியின் அடக்கமாக எடுத்துக்கொண்டாள். “ஓமோம், முறைப்படி செய்யுங்கோ. உங்கட பேருக்கு ஒண்டும் வரக்கூடாது” என்றாள்.

மூன்று மணிநேரம் எழுதினேன். முகாம் பதிவு அரசாங்கப் பதிவு. கல்லூரி அனுமதி அரசாங்க ஒதுக்கீட்டில் கிடைத்தது. ஊருக்குத் திரும்பியது இரண்டு அரசாங்கங்களும் அறிந்த ஏற்பாட்டில். அவள் எதிரே இருந்து, திகதிகளைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். கையெழுத்து வைத்துவிட்டு ஒரு தரம் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, “இவ்வளவு வடிவா என்னைப் பற்றி ஆரும் எழுதினதில்லை” என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அவளே அலுவலகத்துக்கு வந்து வரவேற்பில் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு போனாள். மேலே வரவில்லை. என் பெயருக்கு எதுவும் வரக்கூடாதென்று.

ஆகஸ்ட் 27, புதன்

விளக்கம் கோரிச் சுற்றுக்கு விடலாமா என்று யோசித்தேன். அதற்கு ஏதாவது ஓர் உறுப்பு நாடு முன்மொழிய வேண்டும். கோமதிநாயகத்தின் அறைவரை போனேன். அவர் டெல்லியில். வேறு யாரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. ஜனவரிக் கடைசியில் என் தகுதிகாண் காலம் முடிகிறது. அவளுக்கு நவம்பரில் நாற்பத்தைந்து.

ஆகஸ்ட் 28, வியாழன்

மனுவுக்குப் பதில் எழுதினேன். வாதங்கள் வலுவானவை. மிகை இல்லை, எங்கும் ஓட்டை இல்லை. முதல் வரைவில் ஒவ்வொன்றாக மறுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இரண்டாவதைப் பாதியில் கிழித்தேன். மூன்றாவதில் ஒரு வரி எழுதினேன்: “முகாம் பதிவைச் சட்டபூர்வக் குடியிருப்பாகக் கருதும் விளக்கக் குறிப்பு எதுவும் கெடுவுக்குள் வெளியிடப்பட்டிருக்கவில்லை.” அதற்குப் பிறகு மறுப்பதற்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. கையெழுத்திட்டு அனுப்பினேன்.